ஊறுகாய் டப்பாவில் போன கடிதம்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு காத்து பட்டா தோள்பட்டை புடிச்சிக்கும். பையா? வேணாம், மேல வெக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல. ஒரு துண்டு, ஒரு தண்ணி பாட்டில், ஒரு காயிதம். அவ்ளோதான்.

வேலூர் போறேன். அங்கேருந்து காட்பாடி. காலையில இதே ரோட்டுல வந்தேன், இப்போ திரும்பறேன். போளூர் தாண்டி ஒரு ஊர்ல ஒரு வீட்டுக்குப் போயிட்டு வரேன். அந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் காபி குடுக்கலை தம்பி. பால் அடுப்புல ஏறிச்சு, என் கண்ணால பாத்தேன். காபி மட்டும் வரலை. எழுபத்தாறு வயசு ஆளு, ரெண்டு பஸ்ஸு மாறிப் போயிருக்கேன். போவட்டும், நான் காபிக்காகப் போவலை. இருந்தாலும் மனசுல நிக்குதில்ல.

கேக்கறீங்களா? நீங்க கண்ணமங்கலம் வரைக்கும்தானே. அதுக்குள்ள முடிஞ்சிடும்.

நான் மிலிட்டரி. பேரு முனிரத்தினம். எழுபத்தொண்ணு சண்டையில பஞ்சாப் பார்டர்ல இருந்தேன். சண்டையில இருந்தேன்னா துப்பாக்கிய தூக்கிக்கிட்டு ஓடினேன்னு நெனச்சிக்காதீங்க. நான் ஸ்டோர். முன்னாடி பள்ளம் வெட்டி உக்காந்திருக்கறவங்களுக்கு மாவு, பருப்பு, டீத்தூளு, ஊறுகா, இதெல்லாம் ஆளுக்கு இவ்வளவுன்னு அளந்து அனுப்பற வேலை. இருட்டினதும் சாப்பாட்டு வண்டி கிளம்பும். லைட்டு போடாம போவும். போட்டா பாகிஸ்தான்காரன் அந்தப் பக்கத்துலேருந்து அடிப்பான். முந்தின நாள் காலி டப்பாவெல்லாம் ஏத்திக்கிட்டுத் திரும்பி வரும்.

முன்னாடி பள்ளத்துல இருந்தவன் கோதண்டம். கோதண்டபாணி. ட்ரெயினிங்ல எனக்குப் பக்கத்துக் கட்டில். பிரெண்டுன்னு சொல்லிடலாம். அம்பது வருஷமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வரேன். இன்னிக்கு ரொம்ப அலுப்பா இருக்கு தம்பி. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் தெம்பு வேணுமில்ல. பிரெண்டு இல்ல. அவன் மேல எனக்கு ஆசை, அவனுக்கு என் மேல. புருஷன் பொண்டாட்டிக்குள்ள இருக்குமே, அந்த ஆசைதான். மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டீங்க. பரவால்ல, திருப்பிக்குங்க. காது இந்தப் பக்கம்தான இருக்கு.

அவனுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சு. லீவுல போனவனைப் புடிச்சிக் கட்டி வெச்சிட்டாங்க. தந்தி குடுக்கறதுக்குக் கூட நேரமில்லையாம். திரும்பி வந்தப்போ கழுத்துல மைனர் செயினு. எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கலை. பொண்ணு பேரு பூங்காவனம். எட்டாவது படிச்ச பொண்ணு. மாப்பிள்ளை பத்தாவதுன்னு சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருக்காங்க. இவன் மூணாவதோட மாடு மேய்க்கப் போனவன். படிப்பான், எழுத்துக் கூட்டிக் கூட்டி. எழுதறதுன்னா அவனுக்கு உயிர் போயிடும். ஒவ்வொரு எழுத்தும் ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனியா கெடக்கும்.

அந்தப் பொண்ணு லெட்டர் போட்டுச்சு. இவன் என்கிட்ட ஓடியாறான். "ரத்னம், பதில் போடணும்டா. நான் எழுதினா மானம் போயிடும், நீ எழுதுடா."

எப்படி இருக்கும் எனக்கு, நீங்களே சொல்லுங்க. இருந்தாலும் எழுதினேன். 'அன்புள்ள பூங்காவனத்துக்கு.' அந்தப் பேரை எழுதறப்பல்லாம் பேனாவ முறிச்சிப் போடலாம்னு இருக்கும். ஆனா வேலைன்னு வந்தா அரைகுறையா செய்யற பழக்கம் எனக்கில்ல. என் எழுத்து முத்து முத்தா இருக்கும் தம்பி. பீத்திக்கறேன்னு நெனைக்காதீங்க, கம்பெனின்னா எங்க பட்டாளப் பிரிவு, அதுலயே அதுக்குப் பேரு. 'நீ கட்டியிருந்த பச்சைச் சேலை கண்ணுலயே நிக்குது'ன்னு எழுதினேன். பச்சையா சேப்பான்னு அவனைக் கேட்டா அவனுக்கு ஞாபகமே இல்ல. நானா பச்சைன்னு போட்டேன். அதுக்கு அந்தம்மா பதில் எழுதறாங்க: 'அது நீலம். பரவால்ல, இனிமே பச்சையே கட்டறேன்.'

இன்னிக்கும் பச்சைதான் கட்டியிருந்தாங்க. அது கெடக்கட்டும்.

சண்டை வரப்போவுதுன்னு தெரிஞ்சதும் எங்க ரெண்டு பேரையும் பிரிச்சிட்டாங்க. அவன் முன்னாடி, நான் பின்னாடி ஸ்டோர்ல. நடுவுல ஆறேழு மைல்தான். ஆனா போவ முடியாது. தபால்ல எழுதலாமா? தபாலை ஆபீசர் பிரிச்சி, தமிழ் தெரிஞ்சவனை விட்டுப் படிக்கச் சொல்வார். மாட்டினா கோர்ட்டு, ஜெயிலு, வேலையும் போயிடும். அதை விடுங்க, கம்பெனி பூரா சிரிக்கும், அதுக்கு அந்த ஜெயிலே தேவலை.

அப்போதான் ஊறுகா டப்பாவக் கண்டுபுடிச்சேன். நம்ம பசங்களுக்கு ரொட்டிக்கு ஊறுகா இல்லன்னா எறங்காது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனியா ஒரு டப்பா போவும். அவன் பள்ளத்து டப்பாவ நானே கட்டுவேன். லெட்டரை மடிச்சி, பிளாஸ்டிக் பையில சுத்தி, மாங்காத் துண்டுக்கு அடியில அழுத்திடுவேன். வண்டி வந்ததும் சாமான் எறக்கறதுக்கு அவன் முன்னாடி வந்து நிப்பான். நல்ல பையன், வேலைக்கு அஞ்சாதவன்னு சுபேதார் பாராட்டுவாராம்.

மேல பேர் போட மாட்டேன். கீழ கையெழுத்து போட மாட்டேன். 'என் உயிரே'ன்னு ஆரம்பிப்பேன், மனசுல இருக்கறத கொட்டுவேன். அவன் அதே காயிதத்துல பின் பக்கத்துல பதில் எழுதி, காலி டப்பாவுல வெச்சி அனுப்புவான். பதில்னா ஒரு வரி, ரெண்டு வரி. 'குளுருது. நீ கம்பளி போத்திக்கோ.' 'ஊறுகா காரம் கம்மி.' கடைசியில மறக்காம, 'ஊருக்கு ஒரு லெட்டர் போட்டுடு.' அதாவது பூங்காவனத்துக்கு. நான் படிச்சிட்டு ஸ்டோர் அடுப்புல போட்டுடுவேன். பயம். எல்லாத்தையும் போட்டேன் தம்பி. அவன் எழுத்துன்னு ஒரு துண்டு காயிதம் என்கிட்ட மிஞ்சலை. அந்த நெருப்புல நான் டீ வேற போட்டுக் குடிச்சிருக்கேன்.

கடைசியா ஒண்ணு எழுதினேன். பெங்களூர்ல ஒரு ஃபேக்டரியில மிலிட்டரி ஆளுங்களுக்கு வாட்ச்மேன் வேலை குடுக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சொல்லியிருந்தாரு. அதைத்தான் எழுதினேன். 'சண்டை முடிஞ்சதும் பேப்பர் போட்டுட்டு பெங்களூர் போயிடலாம். நம்மளைத் தெரிஞ்சவங்க யாரும் இல்லாத ஊரு. ஒரு ரூம், ஒரு அடுப்பு. நான் பாத்துக்கறேன். நீ வருவியா மாட்டியா, அதை மட்டும் சொல்லு.'

அந்த லெட்டர் போச்சு. மறுநாள் காலையில பல் தேய்க்கத் தண்ணி எடுக்க வெளிய வந்திருக்கான். குண்டு வந்து விழுந்துடுச்சு.

சாயங்காலம் வண்டி டிரைவர்தான் சொன்னான். நான் அப்போ மாவு அளந்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு அந்தப் பள்ளத்துக்கு ஒரு ஆள் கொறைச்சி அளந்தேன். அது என் வேலை தம்பி, நான்தான் அளக்கணும். காலி டப்பா திரும்பி வந்துச்சு. நல்லா கழுவியிருந்தாங்க. உள்ள ஒண்ணும் இல்ல.

அழுதேனான்னு கேக்கறீங்க. எங்க போய் அழறது? பருப்பு மூட்டைக்குப் பின்னாடி நின்னு கொஞ்சம் அழுதேன். எவனாவது வந்தா மொளகாத்தூள்னு சொல்லலாமில்ல.

செத்தவன் சாமானை வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு ஆபீசர் உக்காந்து பாப்பாரு. வீட்டுல பாக்கக்கூடாதது எதாச்சும் இருந்தா எடுத்துடுவாங்க. அது வழக்கம். எங்க கேப்டன் வடக்கத்திக்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. கோதண்டத்தோட பாக்கெட்டுல ஒரு காயிதம் இருந்துச்சாம். கம்பெனியில நல்லா எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் யாருன்னு கேட்டிருக்கார். என்னைக் கூப்புட்டாங்க. போய் சல்யூட் அடிச்சி நின்னா, அவர் கையில என் லெட்டர். என் எழுத்து. எண்ணெக் கறையோட.

"இது யாருக்கு எழுதினது, படிச்சி சொல்லு"ன்னார் இந்தியில.

பாருங்க, அந்த நேரத்துலயும் எனக்கு ஒரு மூளை வந்துச்சு. "வீட்டுக்கு எழுதினது சார். சம்சாரத்துக்கு. போஸ்ட் பண்றதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு"ன்னேன். அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கொஞ்சம் மொழிபெயர்த்துச் சொல்லுன்னார். சொன்னேன். ஒரு ரூம், ஒரு அடுப்பு, எல்லாம் சொன்னேன். அவரே மடிச்சி, கவர்ல போட்டு, வாச்சோட சேத்து வெச்சிட்டார்.

நான் முன் பக்கத்தைத்தான் பாத்தேன். பின்னாடி அவன் எழுதியிருந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. திருப்பிக் காட்டுங்க சார்னு கேக்க முடியுமா? பெட்டி போயிடுச்சு. நான்தான் அதுக்கு சாக்கு சுத்தித் தெச்சேன்.

அம்பது வருஷம் தம்பி. நானும் கல்யாணம் கட்டினேன். நல்லவ, ஒரு குறை சொல்ல முடியாது, போய்ச் சேந்துட்டா. பையன் மெட்ராஸ்ல இருக்கான். எல்லாம் நடந்துச்சு. ஆனா சும்மா உக்காந்திருந்தா இது ஒண்ணுதான் ஓடும். வரேன்னு எழுதினானா, மாட்டேன்னு எழுதினானா, இல்ல எழுதவே இல்லையா. மாட்டேன்னு எழுதியிருந்தாக்கூட பரவால்ல. தெரிஞ்சா போதும். ஒரு விதவை வீட்டுக் கதவைத் தட்டி, உங்க புருஷன் பாக்கெட்டுல இருந்த லெட்டரை காட்டுங்கம்மான்னு எப்படிக் கேக்கறது?

போன மாசம் எக்ஸ் சர்வீஸ்மேன் கூட்டத்துல ஜெயவேலுன்னு ஒருத்தன். அவனும் எங்க கம்பெனிதான். சொல்றான்: "கோதண்டத்தோட சம்சாரம் அவனோட கடைசி லெட்டரை ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்குப்பா. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு இஸ்கூல்ல கூப்புட்டுப் படிக்கச் சொல்றாங்க. புள்ளைங்க கை தட்டுதுங்க."

கோதண்டத்தோட லெட்டரா! அவன் எங்க எழுதினான்? எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. நான் அவனுக்கு எழுதினது, இஸ்கூல்ல புள்ளைங்களுக்குப் படிச்சிக் காட்டறாங்க. கைதட்டல் அவனுக்கு.

அதான் இன்னிக்குப் போனேன். கூடப் படுத்து எழுந்த கம்பெனி ஆளுன்னு சொன்னதும், "வாங்கண்ணா, வாங்கண்ணா"ன்னு அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தனியாத்தான் இருக்காங்க. சத்துணவுல வேலை பாத்து ரிட்டயர்டு ஆயிட்டாங்க. சுவத்துல அவன் போட்டோ, பக்கத்துல ஃபிரேமுல லெட்டர், ரெண்டுக்கும் ஒரே மாதிரி பூ. கழட்டி டேபிள் மேல வெச்சி, எனக்குப் படிச்சிக் காட்டினாங்க. என் லெட்டரை எனக்கே. கண்ணாடி கூட போடலை, மனப்பாடம். 'என் உயிரே'ன்னு அவங்க சொல்றப்போ நான் எங்க பாக்கறதுன்னு தெரியாம ஃபேனைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

ஓரத்துல பழுப்பா ஒரு கறை. அதைத் தடவிக்கிட்டே சொல்றாங்க, "இது அவர் ரத்தம்ணா." ஊறுகா எண்ணெ தம்பி.

அந்தம்மாவோட அண்ணன்காரர் அவங்களுக்கு ரெண்டாம் கல்யாணத்துக்குப் பாத்தாராம். வயசு இருபது கூட ஆவலை அப்போ. "இப்படி எழுதினவருக்கு அப்புறம் இன்னொருத்தன் மூஞ்சியப் பாக்க முடியுமாண்ணா? மத்த லெட்டரெல்லாம் பொட்டியில வெச்சிருக்கேன், மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் படிப்பேன். வருவியா மாட்டியான்னு கேட்டிருக்காரு பாருங்க. நான் தெனம் காத்தால வெளக்கேத்தி, வரேன், வரேன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்"ன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய். எழுத்துன்னா அப்படி இருக்கணுமில்ல.

மெதுவா கேட்டேன். "பின்னாடி எதாவது எழுதியிருக்காம்மா?"

"ஏதோ ஒரு வரி இருக்குதுண்ணா. எழுத வராத ஆளு யாரோ கிறுக்கியிருக்காங்க. இவர்தான் எல்லாருக்கும் லெட்டர் எழுதிக் குடுப்பாரு போல. லீவுல போறவன் எவனோ, எங்க ஊட்டுக்கு எழுதிடுன்னு சொல்லியிருக்கான்." சொல்லிக்கிட்டே ஃபிரேமைப் பிரிச்சி, காயிதத்தை உருவித் திருப்பிக் காட்டினாங்க.

ஆட்டுப் புழுக்கை. அவன் எழுத்து. தனித்தனியா, கோணல் மாணலா.

'சரி வரேன். ஊருக்கு நீயே எழுதிடு.'

வரேன்னு எழுதியிருக்கான் தம்பி. வரேன்னுதான் எழுதியிருக்கான்.

எனக்கு அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கலை. அந்தம்மா பேசிக்கிட்டிருந்தாங்க. அடுப்புல பால் வெச்சிட்டு வந்தாங்க. "அடுத்த வருஷம் இஸ்கூலுக்கு நீங்களும் வாங்கண்ணா, அவரைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க, உங்க விலாசம் எழுதிக் குடுங்க"ன்னு ஒரு காலண்டர் சீட்டைக் கிழிச்சிக் குடுத்தாங்க. எழுதிக் குடுத்தேன். அவ்வளவு கலக்கத்துலயும் என் கை நடுங்கலை பாருங்க. பேரு, தெரு, காட்பாடி, பின்கோடு, முத்து முத்தா.

அதுவரைக்கும் அண்ணா அண்ணான்னவங்க. சீட்டை வாங்கிப் பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சம்பந்தமே இல்லாம ஒரு கேள்வி. "பெங்களூர்ல எந்த இடம்?"

"யஷ்வந்த்பூர்ம்மா, ஃபேக்டரி கேட்டுக்குப் பக்கத்துலயே ரூமு"ன்னேன்.

உள்ள போயிட்டாங்க. பால் பொங்கி வழிஞ்சி அடுப்பு அணைஞ்சி போச்சு, கேஸ் நாத்தம் எனக்கே வந்துச்சு. பாலு, பாலுன்னு கூப்புடறேன், கொழா தண்ணி சத்தம் மட்டும் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கழிச்சி மூஞ்சி கழுவிக்கிட்டு வந்தாங்க. அந்தக் காயிதத்தை நாலா மடிச்சி என் முன்னாடி வெச்சி, "இதை நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. மூணு மணிக்கு பஸ்ஸு இருக்குது"ன்னாங்க. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு வேணாமாம்மான்னேன். வேணாம்னுட்டாங்க.

நான் கேக்கவே இல்ல தம்பி. அவங்களா குடுத்தாங்க. எப்படிக் கேக்கறதுன்னு அம்பது வருஷமா முழிச்சேன், அது பாட்டுக்கு மடியில வந்து விழுந்துடுச்சு. தோ, பையில இருக்குது. அதான் மேல வெக்கலை. ஆனா அந்தக் காபி... நல்லா பேசிக்கிட்டிருந்தவங்க, திடீர்னு ஏன் அப்படி ஆயிட்டாங்கன்னு தெரியலை. என்ன தப்பா பேசிட்டேன்?

என்ன கேக்கறீங்க? விலாசமா? ஆமா, தமிழ்லதான் எழுதினேன். என் கையாலதான். லெட்டர் எங்க இருந்துச்சா? அங்கதான், டேபிள் மேல. ஃபிரேமுலேருந்து எடுத்தது அப்படியே கெடந்துச்சு. பக்கத்துல வெச்சித்தான் எழுதினேன். என் எழுத்து அன்னிக்கு எப்படியோ இன்னிக்கும் அப்படியே...

இருங்க.

இருங்க தம்பி.

பெங்களூர்னு மட்டும்தான் லெட்டர்ல எழுதியிருந்தேன். யஷ்வந்த்பூர்னு எழுதலை.

'ஊருக்கு நீயே எழுதிடு'ன்னு இருக்குது. அந்தம்மாவும் அதைத் திரும்பப் படிச்சிருப்பாங்க.

கண்ணமங்கலம் வந்துடுச்சு, எழுந்துக்குங்க. விசில் அடிச்சிடப் போறான். இல்ல, ஒண்ணும் இல்ல எனக்கு, தண்ணி இருக்குது. இதை மட்டும் கேட்டுட்டு இறங்குங்க. வாசல்ல நான் செருப்பு மாட்டிக்கிட்டிருந்தேன். அந்தம்மா கதவைப் புடிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டு, "மத்ததெல்லாம் தர மாட்டேன்"ன்னாங்க. என்ன மத்ததும்மான்னு கேட்டேன்.

"அதுலயெல்லாம் என் பேர் போட்டிருக்குது"ன்னாங்க.

வயசாயிடுச்சு, என்னமோ பேசுதுன்னு நெனச்சிக்கிட்டு, நான் பாட்டுக்கு பஸ்ஸுக்கு நடந்து வந்துட்டேன் தம்பி.